தேய்ந்த பெயர்

முப்பது வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன கல்யாணம் அது. வருகிற வெள்ளிக்கிழமை நடக்கப்போகிறது. பத்திரிகை மட்டும் அந்தக் காலத்திலேயே அச்சடித்தது போல இருக்க வேண்டும் என்றார்கள் மணமக்களான தனராசுவும் பரிமளமும். அச்சகத்தில் வேலை பார்க்கும் நஸ்ரின் கணினித் திரையில் தாளைப் பழுப்பாக்கினாள், மையை மங்கவிட்டாள், நடுவில் ஒரு மடிப்பும் வைத்தாள்.

“சரியா இருக்காம்மா?”

பரிமளம் உற்றுப் பார்த்தாள். “எல்லா எழுத்தும் ஒரே மாதிரி மங்கியிருக்கே. இவர் பேரு இன்னும் தேயணும் பாப்பா.”

“ஏம்மா?”

“இத்தன வருஷம் கையில இருந்திருந்தா தெனமும் தடவிப் பாத்திருப்பேன்ல.”

நஸ்ரின் அழிப்பானை ஒரு விரல் அகலத்துக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் மெல்லத் தேய்க்கத் தொடங்கினாள்.

“பாத்து பாப்பா, முழுசா அழிச்சுறாத,” என்றார் தனராசு. “ஆளு இங்கதான் இருக்கேன்.”