எடுக்க முடியாத வழக்கு

"முடியாதுங்கம்மா. வேற வக்கீலைப் பாருங்க."

சொல்லிவிட்டு தீபிகா மேசையைப் பார்த்தாள். எதிரே, நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி பாவாயி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திருச்செங்கோடு கோர்ட்டுக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க வக்கீலம்மா, நான் என்ன கொலகாரனுக்கா வாதாடச் சொல்றேன்? போர் போடற ரிக்கு வண்டிக்கு வேலைக்குப் போன எம்பட பையன் பூபதிய ஆறு மாசமாக் காணோம். போலீசு தேடலீங்க. கோர்ட்டுல ஒரு மனுப் போடுங்கன்னுதானே கேக்கறேன்?"

"புரியுதுங்கம்மா. ஆனா என்னால எடுக்க முடியாது."

"காரணத்தையாவது சொல்லுங்க."

தீபிகா மேசை மேலிருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள்.

பாவாயி பையிலிருந்து போனை எடுத்தாள். "பூபதி நம்பருக்குத் தெனமும் போடறேனுங்க. சுவிச் ஆப்புங்குது. நம்பரு வேற ஆளுக்குப் போயிரக் கூடாதுன்னு மாசாமாசம் ரீசார்ஜு பண்றேன். செத்துட்டான்னாக்கூடப் பரவால்ல சாமி, ஆராச்சும் கண்டுபிடிச்சுச் சொன்னா அழுது முடிச்சுக்குவேன்."

தீபிகா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கருப்புக் கோட்டுப் போட்டா ஆச்சா? மனசு வேணுமுங்க." பாவாயி எழுந்துவிட்டாள்.

"அம்மா, சேலத்துல நல்ல வக்கீல் ஒருத்தர் இருக்காரு. பேரு சொல்றேன், நாளைக்கே போங்க. பஸ்ல போங்க. தனியாப் போங்க."

"தனியா எதுக்குங்க? ஈஸ்வரு வண்டியோட வெளிய நிக்கறான். பூபதியோட கூட்டாளி. எங்கூடவே தேடி அலையறானுங்க, பாவம். உங்ககிட்டக் கூட்டியாந்ததே அவந்தான். இந்த வக்கீலம்மாகிட்டச் சொன்னா ஒரு வார்த்தை வெளிய போவாதுன்னான். நான் வாரேன்."

தீபிகா சன்னல் வழியே பார்த்தாள். பாவாயி வண்டியில் ஏற ஈஸ்வர் கை கொடுத்தான். அவள் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் சுருட்டி மடியில் வைத்தான். பிறகு சன்னலை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டான்.

போன வாரம் முன்ஜாமீன் கேட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கட்சிக்காரனாக வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபின், தான் பூபதியைத் தள்ளிய பாழுங்கிணறு எது என்று சொல்லி அழுதவன் அவன்தான்.