தகரக் குவளையும் கூட்டறிக்கையும்

கசக்ஸ்தானில், கரகாந்தா நகரின் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் நால்வர் இருக்கிறார்கள்: ஆர்த்தடாக்ஸ் குரு வலேரியன், கத்தோலிக்கச் சகோதரி பெனிக்னா, லூத்தரன் போதகர் எட்வின், அவருடைய சபை மூப்பர் அமாலியா க்ரோன். திருச்சபை என்பது எது என்று கூட்டறிக்கை எழுதுகிறார்கள். சன்னலில் பனியின் வெளிச்சம், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் முனகுகிறது. அமாலியாவின் முன்னே அவள் தாயின் தகரக் குவளை இருக்கிறது. சோவியத் ஆட்சியில் இங்கே நாடுகடத்தப்பட்ட ஜெர்மானியர்களின் மண்குடிசைகளில், போதகர் ஒருவரும் இல்லாத வருடங்களில், அந்தத் தாய்தான் இதில் திருவிருந்து கொடுத்தாள், இதில் நீர் மொண்டு ஞானஸ்நானமும் கொடுத்தாள். "குரு இல்லாம நடந்தது ஜெபக்கூட்டம்தாம்மா. அதைச் சபைன்னு எழுத முடியாது," என்கிறார் வலேரியன். தேநீர் கலக்கிய கரண்டியை, கவனிக்காமல், அந்தக் குவளைக்குள் போடுகிறார். "எட்வின், உன் தலையில இதாலதான் தண்ணி ஊத்துனாங்க. நீ சொல்லு. நீ என்ன, ஜெபக்கூட்டத்துப் போதகரா?" என்கிறாள் அமாலியா. எட்வின் மீசையைத் தடவுகிறார். "அப்படியே இருந்துட்டுப் போகட்டும் அத்தை. ஒத்துமைக்காகத்தானே." பெனிக்னா சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அமாலியா கரண்டியை எடுத்துக் கூட்டறிக்கையின் மேல் வைக்கிறாள். ஈரம் மெல்லப் பரவுகிறது. தலைக்குட்டையின் முனையால் குவளையின் உட்புறத்தைத் துடைக்கிறாள்.

அமாலியா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவள் அழவில்லை. கையெழுத்தும் போடவில்லை.