பதினாலாம் தேதி வரைக்கும்

கறகறவென்று பிரிண்டர் துப்பிய பட்டியலில் ஜோனிட்டாவின் பெயர் இல்லை. மிக்கேல்ராஜ் விரல் வைத்து மூன்று தடவை தேடிவிட்டான். ஒன்றரை வயது மகளின் பெயர் இல்லவே இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன் அவன் கிளினிக்குக்கு ஓடி வந்திருந்தான். மஸ்ஜித் தானா டவுனில் அந்தக் கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மா போன் போட்டு அழைத்திருந்தார். அங்கே கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் இவன்தான்.

"தடுப்பூசி மருந்து ஒரு பெட்டி கெட்டுப்போச்சு மிக்கேல். ஏழாம் நம்பர் பெட்டி, பன்னெண்டாந் தேதியிலருந்து பதினாலு வரைக்கும் போட்டது. போட்ட புள்ளைங்கள இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்லா. லேட்டானா உயிருக்கே ஆபத்து."

ஜோனிட்டாவுக்கு ஊசி போட்டது நேற்று, பதினாலாம் தேதி காலையில்; ராத்திரியிலிருந்து காய்ச்சல். எந்தப் பெட்டியிலிருந்து போட்டார்களோ, யார் கண்டது?

ஒவ்வோர் ஊசிக்கும் தேதியோடு மணியும் நிமிடமும் பதிவாகும்படி அவன் செய்து வைத்திருந்தான். மணி சொல்லாமல் தேதியை மட்டும் கொடுத்தால், அந்த நாள் பிறக்கிற நள்ளிரவு பன்னிரண்டு மணி என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பெட்டி எண்ணையும் இரண்டு தேதிகளையும் தட்டிவிட்டு, மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இருபத்திரண்டு பெயர்கள் வந்தன. வேன் டிரைவர் வீரமுத்து ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகளை ஏற்றிப்போக எஸ்டேட் பக்கம் பறந்தார். மிக்கேல்ராஜ் மனைவிக்குப் போன் போட்டான்.

"பாட்ரீசியா, பாப்பா பேரு லிஸ்ட்ல இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஓட வேணாம். இது சும்மா காய்ச்சல்தான்."

"அப்பாடா. காலையிலருந்து கண்ணே தொறக்கலைங்க, ஒரேயடியாத் தூங்குறா. நான் பயந்தே போயிட்டேன்."

"தூங்கட்டும், எழுப்பாத."

போனை வைத்தபோது அவனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பெற்ற வயிறு என்று அம்மாவுக்கு மட்டும்தானா சொல்வது?

ஊசி போடும் நர்ஸ் மோகனா அப்போதுதான் வேலைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலே போனாள்.

"அண்ணே, நேத்து ஏழாம் நம்பர் பெட்டியில உங்க பாப்பாவோட சேத்து நான் பதினோரு புள்ளைங்களுக்குப் போட்டேன். ஒருத்தர் பேருகூட இதுல இல்லையே. லிஸ்ட்டு பதிமூணாந் தேதி ராத்திரியோட நின்னுபோச்சே."