ஒரு சாண் எஞ்சின்

வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எஞ்சினின் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை என்று யுவராணிக்குத் தோன்றியது.

"பேரு கோட்டைச்சாமி, மதுரையில இருந்து வாறேன்" என்று மட்டும் வாசலில் சொல்லியிருந்தார். எஞ்சின் விற்பனைக்கு என்று செல்போனில் விளம்பரம் பார்த்து இதற்கு முன் வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே விலை பேசினார்கள். இவர் விலையையே கேட்கவில்லை.

எஞ்சின் ஒரு சாண் நீளம்தான். ஆனால் நிஜ மின்சார எஞ்சினில் உள்ள படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, டிரைவர் சீட்டு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. உள்ளே குட்டி ஸ்பீக்கர். கன்ட்ரோலரில் பொத்தானை அமுக்கினால் அந்தந்தச் சத்தம் வரும்.

"எங்க வீட்டுக்காரரைத் தெரியுமாண்ணே? ரயில் பிரியர் குரூப்புல இருந்தீகளா?" என்று யுவராணி கேட்டாள்.

"ஒரு தடவ பாத்திருக்கேன்மா. பேசுனதில்ல."

அவள் பொத்தான்களை அமுக்கினாள். எஞ்சினின் கூரையில் மடங்கிக் கிடந்த கம்பி தானாக எழுந்தது. கம்ப்ரசர் தடதடத்தது, ஃபேன் இரைந்தது. எஞ்சின் குட்டித் தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்தது.

"நெசத்துல, கணவாய் தாண்டி இறக்கத்துல வரும்போது இம்புட்டுச் சத்தம் இருக்காதும்மா" என்றார் அவர். "பவரைக் கட் பண்ணிட்டா கமுக்கமா வந்து நிக்கும்."

"அவுகளும் இதத்தான் சொல்லுவாக."

உள்ளேயிருந்து மாமியார் சுப்புத்தாயின் குரல் வந்தது. "விக்கட்டும், விக்கட்டும். மகனை அனுப்புனவ, அவன் சாமானையும் அனுப்பிச்சுட்டு நிம்மதியா இருக்கட்டும்."

யுவராணி தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டீஸ்வரன் செத்த நாளிலிருந்து மாமியார் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேச்சு.

அந்தக் கிழவியையும் குறை சொல்ல முடியாது. அன்று காலை இட்லி ஆறிக்கொண்டிருக்க, பாண்டீஸ்வரன் இந்த எஞ்சினின் ஹாரனை அடித்து அடித்து ரசித்துக்கொண்டிருந்தான். சட்னி அரைக்க நின்ற யுவராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போயி அந்த ரயில்லயே விழுங்க" என்று கத்திவிட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏலக்காய் மண்டி வேலைக்குக் கிளம்பினான். போகும்போது சிரித்தானா முறைத்தானா என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். பத்து வருஷத்துக்கு மேல் வண்டியே ஓடாமல் கிடந்ததால், தெருவே அதைத்தான் நடைபாதையாக வைத்திருந்தது. மறுபடி ரயில் வந்த பிறகும் ஜனங்களின் கால் அந்தப் பக்கமே போனது. அவனும் அதில்தான் நடந்தான்.

"ஹாரன் மட்டும் இன்னும் கேக்கலயேண்ணே" என்றாள்.

"அது வேணாம்மா."

"அதுதான் இதுல ரொம்ப விசேசம்பாக."

"வேணாம்" என்றார் அவர்.

யுவராணிக்கும் அதை அமுக்க மனமில்லை. ஆனால் முன்பின் பழகாதவரிடம் சொல்லி அழ முடிகிற மாதிரி சொந்தக்காரர்களிடம் முடியவில்லை.

"தூரத்துல ஹாரன் கேட்டாலே இன்ன எஞ்சின்னு சொல்லிருவாகண்ணே. அம்புட்டுக் காது. நீளமா ஹாரன் அடிச்சும் திரும்பிப் பாக்காம நின்னாகன்னு டிரைவர் சொன்னதா போலீஸ்ல சொன்னாக. எனக்குக் கேக்கல, நான் மிக்ஸி போட்டிருந்தேன். அவுகளுக்குமா கேக்காம இருந்திருக்கும்? நான் சொன்ன சொல்லுக்குத்தான் நின்னுட்டாக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார்.

சுப்புத்தாய் முந்தானையால் கையைத் துடைத்தபடி வாசற்படிக்கு வந்து நின்றாள். மகன் செத்த பிறகு முதல் தடவையாக மருமகளை நேராகப் பார்த்தாள்.

"அடிச்சுக் காட்டு. எம் மகன் கேட்டுட்டே செத்தானே, அந்தச் சத்தம். இந்த மனுசனும் கேக்கட்டும், நானும் கேக்குறேன்."

"அத்தை, வேணாம்."

"அடிடீ."

யுவராணி கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். ஒரு சாண் எஞ்சினுக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நம்பவே முடியாது. வீடு அதிர்ந்தது. தெருவில் யாரோ தண்டவாளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தம் நின்றபோது கோட்டைச்சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தரையில் நெற்றி படக் குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. எவ்வளவு பெரிய மனிதர், இப்படி அழுகிறாரே என்று யுவராணிக்குப் பதறியது.

"என்னண்ணே, என்ன ஆச்சு? ஏன் அழுகுறீக?"

அவர் நிமிரவில்லை. கை மட்டும் நீண்டு சுப்புத்தாயின் காலைத் தொட்டது.

"ஆத்தா, அன்னைக்கு நான் ஹாரனே அடிக்கல."