கற்பனை வாடிக்கையாளர்கள்

“இதுல இருக்கிறவங்க எல்லாம் கற்பனை ஆளுங்கதான். யார் மனசும் புண்படாது!” என்று, சாப்ட்வேரை விற்க டெமோ காட்டிக்கொண்டிருந்த லோரெட்டா சொல்ல, அறையே சிரித்தது.

சிரிக்காதவன் கர்ட் ஒருவன்தான். திரையில் ஏ, பி, சி வரிசையில் ஏறிக்கொண்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். சோதனைக்காக அவன் உருவாக்கிய ஆட்களுக்கெல்லாம் வெனிலா, ஸ்ட்ராபெரி என்று ஐஸ்கிரீம் பெயராகத்தான் வைத்திருந்தான். இங்கே ஓடுவதோ ஆண்டர்சன், கார்ல்சன், எரிக்சன்! அதுவும் தெரு முகவரியோடு!

புரோகிராமுக்கு எந்த டேட்டாபேஸின் விலாசமும் தெரியாது. ஒரு செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு எந்த டேட்டாபேஸ் ஓடி வர வேண்டும் என்று சர்வரில் முடிச்சுப் போடுவது கர்ட்டின் வேலை. காலையில் அவசரத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனதில், நிஜ டேட்டாபேஸோடு போட்ட பழைய முடிச்சு அப்படியே நின்றுவிட்டது.

ஆக, இவர்கள் எல்லாம் ரத்தமும் சதையுமான ஆட்கள். இதே டிமாய்ன் ஊரில் இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கர்ட்டின் ஆபீஸ் பராமரிக்கும் பட்டியலில் உள்ள நிஜ வாடிக்கையாளர்கள். சாப்ட்வேரை வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருப்பதோ, அந்தக் கம்பெனியின் பரம வைரி.

“கடைசியா ஒரு வித்தை காட்டறேன். இந்த பட்டனை ஒரு அழுத்து, அத்தனை பேர் பாலிசியும் ரத்து!” என்றாள் லோரெட்டா. “அதுக்கு முன்னாடி ஆளுங்களை முழுசாப் பார்த்துடுங்க.”

வாயைத் திறந்தால் கான்ட்ராக்ட் போச்சு; திறக்காவிட்டால் கர்ட்டின் வேலையே போச்சு. முடிச்சை மாற்றலாம் என்றால், அப்ளிகேஷனை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். திரை செத்துவிடும், மானமும் சேர்ந்து போகும்.

ஈ முடிந்து, எஃப் முடிந்து, ஜி வந்தது. வந்தவர்களின் நிபுணர் ஹால்வர்சன் சட்டென்று எழுந்தார். எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே அவருடைய முதலாளியம்மா கூட்டி வந்திருந்த ஆள்.

“தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்று வெளியே போனார். தண்ணீர் ஜாடி அவர் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.

கண்டுபிடித்துவிட்டாரய்யா மனுஷன்!

அப்போதுதான் கர்ட்டுக்கு அந்த யோசனை வந்தது. போன மாதம் யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருகவிட்டதில், தீ அலாரம் அடித்து, மொத்தக் கட்டடமும் பார்க்கிங்கில் பனியில் நின்றது. இன்றைக்கும் அப்படி எல்லாரும் வெளியே நின்றால், அந்த நேரத்தில் முடிச்சை மாற்றிவிடலாம்!

“லோரெட்டா, நிதானமா விளக்குங்க, ஒண்ணும் அவசரம் இல்லை” என்று சொல்லிவிட்டு, தன் லேப்டாப்பை அள்ளிக்கொண்டு கிச்சனுக்கு ஓடினான்.

கிச்சனில் ஏற்கெனவே புகை. மைக்ரோவேவ் முன்னால் ஹால்வர்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே பாப்கார்ன் பை உப்பிக் கருகிக்கொண்டிருந்தது.

“சார், கருகுது சார்!”

“கருகட்டும் தம்பி, திறந்து தொலைச்சிடாதே! அங்கே எங்க தெருக்காரங்க பேரா ஓடுது. கற்பனையாம், கற்பனை! அடுத்தது ஹெச் வரப்போகுதுப்பா.”

கர்ட் லேப்டாப்பை மேடையில் வைத்துத் திறந்தான். “அப்ப உள்ளேயே சொல்லி நிறுத்தியிருக்கலாமே சார்?”

“எப்படிய்யா சொல்றது? என் சம்சாரமும் அந்தத் தெருக்காரங்களோட சேர்ந்து எதிரி கம்பெனியில பாலிசி எடுத்தது எங்க முதலாளியம்மாவுக்குத் தெரியாது!”