கழுவிய நீர்

சாகத் தெரியாத செல்கள் அவை. கல்லீரல் புற்றுநோயில் என்றோ இறந்துபோன ஒருவரின் உடலிலிருந்து எடுத்தவை, ஆய்வகத் தட்டுகளில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. பொங்கலன்றும் வந்து அவற்றுக்கு உணவு ஊற்றியவள் ஆராய்ச்சி மாணவி ரெஜினா. அவற்றைக் கொல்லுமா என்று பார்க்க, நெல்லிக்காயிலிருந்து பிரித்த மருந்தையும் அவளே ஊற்றினாள். மறுநாள் கழுவிப் பார்த்தால் தட்டு பாதி காலி; செத்த செல் ஒன்றுகூட இராது.

"நெல்லிக்காய் செல்லைக் காப்பாத்துற பொருள்மா, அது எங்க கொல்லும்? உன் கை முரடு, கழுவுறப்ப பேத்துடுற" என்றார் பேராசிரியர் வேதநாயகம். மருந்து ஊற்றாத தட்டுகளை அவரேதான் கழுவுவார். "இந்தச் சோதனையை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்."

இன்று, கழுவிய நீரைக் கழிவுக் குடுவையில் கொட்டப்போன கை அப்படியே நின்றது. செத்தால் செல் தட்டில் ஒட்டிய பிடி விட்டுப்போகுமே! அந்த நீரில் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. நுண்ணோக்கியில் அத்தனையும் நீலம்.

வேதநாயகம் குனிந்து பார்த்தார்.

"கழுவுறப்ப செத்திருக்கும்" என்றார்.

"இன்னைக்கு மருந்து ஊத்தாத உங்க தட்டையும் இந்த முரட்டுக் கையாலதான் சார் கழுவினேன். ஒண்ணுகூடப் பேந்து வரல."