இறந்தகாலம்

"சுட்டது" என்றுதான் அந்த வெளிநாட்டுப் பொறியாளர் சொன்னார். "சுடும்" என்று சொல்லவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவர் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நொடி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்துக்கு நடுவில் நின்றாலும் ஆயுதம் வைத்திருந்தவனை மட்டும்தான் அது சுட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்.

கீழே அரங்கில் பொது விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆளில்லாமல் பறந்து, ஆளைப் பார்த்து, தானே முடிவெடுத்துச் சுடுகிற இயந்திரம். அதை எல்லைக் காவலுக்கு அனுப்பலாமா கூடாதா என்று காலையிலிருந்து வாதம்; முடிவில் வாக்கெடுப்பு. இதுவரை எங்கேயும் ஒன்றைக்கூடப் பறக்கவிட்டதில்லை என்று அமைச்சகம் அடித்துச் சொல்லியிருந்தது.

அப்படியானால் அது யாரைச் சுட்டது?

காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்வதுதான் அவள் பிழைப்பு. சொன்னாள்.

அரங்கில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மட்டும் ஹெட்போனைக் கழற்றி, ஊதிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தாள். இருமல் வந்தால் ஒலியை நிறுத்திவைக்க மேசையில் ஒரு பொத்தான் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவின் விரல் அதை அழுத்திப் பிடித்திருந்தது.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி. வழக்கமாக வருகிற தோழியை இன்று காலை திடீரென்று நிறுத்திவிட்டு, இந்த அக்காவை அமைச்சகமே அனுப்பியிருந்தது. பூனை மாதிரி வந்து உட்கார்ந்தாள். ஊர், பேர் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிமிடத்துக்கொரு தரம் மேசைக்கடியில் கைபேசியைப் பார்ப்பதும், யாரும் பார்க்கிறார்களா என்று நிமிர்வதுமாக இருந்தாள்.

இவள் அவர்களுடைய ஆள். சந்தேகமே இல்லை. வேவு பார்க்கத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

கடைசி வாக்கியம் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார் விசாரணைத் தலைவர்.

பொறியாளரின் காதில் அவருடைய வழக்கறிஞர் ஏதோ ஓதினார். அவர் தலையாட்டினார். பசு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இந்த முறை "சுடும்" என்றார்.

அவள் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

அக்காவின் கையைப் பிடித்துப் பொத்தானிலிருந்து அகற்றினாள். கை ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. எதிர்ப்பில்லை.

பேசியவர் முதல்முறை "சுட்டது" என்றும் இப்போது "சுடும்" என்றும் சொல்லியிருப்பதை அவை கவனிக்கவேண்டும் என்று மைக்கில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அரங்கம் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆனது. எங்கே, எப்போது, செத்தது யார் என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். அமைச்சகத்து அதிகாரி கைகளை உயர்த்தியபடி யாரையோ தேடினார். பொறியாளர் மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

 நாளையிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். போய் உன் எஜமானர்களிடம் சொல் என்பதுபோல் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எதிர்பார்த்தது நடக்கவில்லை. கீழே எழுந்த ஒவ்வொரு கேள்வியையும், அமைச்சகத்தின்மேல் விழுந்த ஒவ்வொரு வசையையும், பொறியாளருக்குப் புரிகிற மொழியில் சொல் சிந்தாமல் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. கைதேர்ந்தவள்தான்.

பிறகு எதற்காக அந்தப் பொத்தானை அழுத்தினாள்?

தலைவர் மேசையைத் தட்டினார். வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்படுகிறது. உண்மை தெரியும்வரை இயந்திரம் போகாது. அதுவரை எல்லையில் மலைமுகட்டுக் காவல் பழையபடி ஆட்களைக் கொண்டே நடக்கும்; காவற்படை இன்று மாலையே மேலே ஏறவேண்டும்.

கைதட்டல் எழுந்தது. அவளும் தன்னையறியாமல் தொடையில் தட்டிக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பு வரவில்லை.

பொறியாளர் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கண்ணாடிக் கூண்டை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் ஏதோ சூழ்ச்சி என்று அவள் சட்டென்று பொத்தானைப் பார்த்தாள். அதன்மேல் யார் விரலும் இல்லை. அக்காவின் வாய் திறந்திருந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அக்கா மெதுவாக மைக்கை அவள் பக்கம் தள்ளினாள்.

"இத மட்டும் நீ சொல்லிடும்மா. மேல போறவங்கள்ல எம் பையனும் இருக்கான்."